டிஸ்க் பிதுக்கம்: காத்திருப்பா, ஊசியா, கத்தியா?

எம்ஆர்ஐ அறிக்கை வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "முதுகுல கத்தி வச்சா அப்புறம் படுத்த படுக்கைதான்" என்பது ஒன்று. "இப்பல்லாம் சின்ன ஓட்டைதான், மறுநாளே நடக்கலாம், முடிச்சுவிட்டுடு" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் பேசுவது முதுகைப் பற்றி. முடிவெடுக்கப் பார்க்க வேண்டியதோ கால்களை.

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. ஊரில் ஜவ்வு என்போம். வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பின்பக்கம் பிதுங்கி நரம்பு வேரைத் தொட்டால், வலி இடுப்போடு நிற்காமல் பிட்டம், தொடை, கெண்டை வழியாகப் பாதம் வரை இறங்கும். அந்த வலிக்கு நேரடி அழுத்தம் மட்டும் காரணமில்லை. கூழ் பட்டதால் நரம்பைச் சுற்றி எழும் அழற்சிக்கும் பெரும் பங்கு உண்டு. அழற்சி தணியக்கூடியது. பிதுங்கிய கூழையும் உடல் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: சின்னப் புடைப்பு அப்படியே இருந்துவிடும், பெரிதாக வெளியே வந்து துண்டாகப் பிரிந்து விழுந்ததுதான் அதிகம் கரையும். ஆகவே, அறிக்கையில் "பெரிய துண்டு" என்று எழுதியிருப்பது மட்டுமே அறுவை சிகிச்சைக்குக் காரணமாகாது.

முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. படத்தில் தெரிவதும் காலில் உணர்வதும் ஒரே நரம்பைச் சொல்கின்றனவா என்பதே கேள்வி. இடுப்பு முள்ளெலும்புகளுக்கு எல்1 முதல் எல்5 வரை எண், அதற்குக் கீழே எஸ்1. எல்4–எல்5 நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் எல்5 நரம்பு மாட்டும். கெண்டையின் வெளிப்பக்கம், பாதத்தின் மேற்புறம், பெருவிரல் ஆகியவை மரத்துப்போகும், குதிகாலில் நடப்பது சிரமமாகும். எல்5–எஸ்1 என்றால் எஸ்1 நரம்பு. பின்கெண்டையும் சுண்டுவிரல் பக்கமும் மரத்து, ஒற்றைக்காலில் நுனிவிரலில் எழ முடியாமல் போகும். தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் பத்து அடி நடந்து, பிறகு ஒவ்வொரு காலிலும் பத்து முறை நுனிவிரலில் எழுந்து பார்த்து, எண்ணிக்கையை எழுதி வையுங்கள். மருத்துவர் முன் "பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் தேவலை" என்று சொல்வதைவிட "போன வாரம் பத்து, இந்த வாரம் நாலு" என்ற குறிப்பு ஆயிரம் மடங்கு பயன்படும்.

பொறுக்கக் கூடாதவை

இரு கால்களின் உட்தொடை, ஆசனவாய், பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் முட்டியும் போகாமல் நிற்பது அல்லது தெரியாமலே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எண் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இங்கே கணக்கு மணி நேரத்தில். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். பாதம் தொங்கி, செருப்பு கழன்று போகிறது, படியில் விரல் இடறுகிறது என்றால் நாள் கணக்கு. இந்த இரண்டிலும் கீழே வரும் ஒப்பீடு பொருந்தாது.

காத்திருப்பும் மைக்ரோடிஸ்கெக்டமியும்

நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கடுமையான கால் வலி அனுபவித்த 283 பேரில் ஒரு பாதியினருக்கு உடனே அறுவை (மைக்ரோடிஸ்கெக்டமி: சிறு கீறல் வழியாகப் பிதுங்கிய துண்டை எடுப்பது), மறு பாதியினருக்கு மருந்தும் காத்திருப்பும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் சுமார் 95 விழுக்காட்டினர் தேறிவிட்டார்கள். வேறுபாடு வேகத்தில்தான். உடனே அறுவை செய்தவர்கள் தேற நடுத்தரமாக 4 வாரம், காத்திருந்தவர்களுக்கு 12 வாரம். காத்திருந்த பக்கத்திலும் 39 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் பொறுக்க முடியாமல் அறுவைக்கே போனார்கள். ஆக, அந்தக் கட்டத்தில் கத்தி வாங்கித் தருவது சுமார் எட்டு வாரம். டாக்சி ஓட்டி அன்றாடம் வாடகை கட்டுபவருக்கு எட்டு வாரம் என்பது பெரிய தொகை. வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவருக்கு அதே எட்டு வாரம் அவ்வளவு விலை பெறாது.

ஆனால் இதை எல்லையில்லாமல் நீட்டக் கூடாது. வலி நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கனடிய ஆய்வில் (2020), ஆறு மாதத்தில் அறுவை செய்தவர்களின் கால் வலி பத்துக்கு 2.8, செய்யாதவர்களின் வலி 5.2. இரு பக்கமும் ஏறக்குறைய எட்டில்தான் தொடங்கியிருந்தன. எங்கள் கணக்கு இதுதான்: ஆறு வாரம் வரை பொறுங்கள், ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள் உங்கள் பிழைப்பைப் பார்த்து முடிவெடுங்கள், நான்கு மாதம் தாண்டியும் கால் வலி குறையவில்லை என்றால் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பதை நிறுத்துங்கள்.

காத்திருப்பது என்றால் படுத்துக்கிடப்பது இல்லை. இரண்டு நாளுக்கு மேல் படுக்கையில் இருந்தால் தசை தளரும், வலி கூடும். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பத்து நிமிட நடை, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. உட்கார்வது அரை மணிக்கு மேல் வேண்டாம், ரயிலில் இடம் கிடைத்தாலும் நிற்பது பல பேருக்குச் சுகம். தரையில் சம்மணம், குனிந்து கோலம், கோயிலில் விழுந்து கும்பிடுவது ஆகியவற்றைக் கொஞ்ச காலத்துக்குக் கைகூப்புவதோடு நிறுத்திக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்திப் பாருங்கள். கால் வலி சுருங்கி இடுப்பை நோக்கி ஏறினால், இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி, தொடருங்கள். வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் வேறு திசைப் பயிற்சி கேளுங்கள்.

மாத்திரைகளில், அழற்சி குறைக்கும் வகைக்கு ஓரளவு பயன் உண்டு. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்தை இந்த வலிக்குத் தாராளமாக எழுதித் தருகிறார்கள். ஆனால் 2017இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் அது வெறும் மாவு மாத்திரையைவிட மேலாக இல்லை, தலைசுற்றல்தான் கூடியது. பாரந்தூக்கி இயக்குபவரும் வாகன ஓட்டுநரும் இதைக் கவனிக்க வேண்டும். டிரமடால் என்ற கடும் வலிநிவாரணி எடுத்தால் மலச்சிக்கல் வரும், முக்கினால் காலில் மின்னல் அடிக்கும். ஆகவே மலமிளக்கியும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் உருவிவிடுதலும் துய்னா என்ற சீன உருவுதலும் இறுகிய தசையைத் தளர்த்தலாம், பிதுங்கியதை உள்ளே தள்ளாது. காலில் பலம் குறைந்திருக்கும்போது முதுகைச் சடக்கென்று முறுக்க யாரையும் விடாதீர்கள்.

நடுவே ஓர் ஊசி

எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே நரம்பு வேர் அருகில் ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் செலுத்துவார்கள். சில நாளில் பலன் தெரியும், பலன் இருந்தால் சில வாரங்கள் ஓடும். பிதுக்கத்தை இது கரைக்காது, கரையும் வரை பொறுக்க வைக்கும். ஆறாவது வாரத்தில் தூக்கமே இல்லாமல் தவிப்பவருக்கு ஏற்றது. எட்டு மாதமாக மரத்த காலுக்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு பயனும் உண்டு: எந்த நரம்பு என்று ஐயம் இருக்கும்போது, ஊசி போட்டவுடன் வலி மறைந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது என்று பொருள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை சில நாள்களுக்கு எகிறும். நம்மவர்களில் நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: முன்கூட்டியே மருத்துவரிடம் மருந்து அளவைப் பேசி, ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பா, எண்டோஸ்கோப்பா, ஸ்குரூவா

மைக்ரோடிஸ்கெக்டமியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல், முழு மயக்கம், சுமார் ஒரு மணி நேரம். எண்டோஸ்கோப்பில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை, உப்புநீர் ஓட விட்டுக்கொண்டு வேலை, சிலருக்கு அந்த இடம் மட்டும் மரக்க வைத்தே செய்யலாம். 613 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் கால் வலியில் எண்டோஸ்கோப் பின்தங்கவில்லை. எனவே தழும்பின் நீளத்துக்காகக் கூடுதல் பணம் கட்டுவதைவிட, அந்தக் கருவியில் அந்த மருத்துவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் என்று கேளுங்கள். கை பழகாத இடத்தில் துண்டு மிச்சமாகிவிடுவதுதான் எண்டோஸ்கோப்பின் பலவீனம்.

இரண்டிலும் எடுப்பது பிதுங்கிய துண்டை மட்டுமே, முழு டிஸ்க்கை அல்ல. மீதிக் கூழ் அதே கிழிசல் வழியாக மறுபடி வெளியேறலாம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆகிறது. கிழிசல் அகலமானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நரம்பு உறை கிழிந்து நீர் கசிவது, தொற்று, அரிதாக நரம்புக் காயம் ஆகியவையும் ஒப்புதல் படிவத்தில் இருக்கும்.

முதல் தடவை வந்த சாதாரணப் பிதுக்கத்துக்கு ஸ்குரூ போட்டு எலும்பை இணைக்கச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். எலும்பு நழுவியிருந்தாலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பிதுங்கினாலோதான் அந்தப் பேச்சு. இடுப்பு வலி மட்டும் இருந்து காலில் ஒன்றுமில்லை என்றால் மைக்ரோடிஸ்கெக்டமியும் ஏமாற்றும்.

மானிய வழியும் தனியார் வழியும்

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் போனால் மானியம் உண்டு. ஆனால் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, எம்ஆர்ஐக்கும் வரிசை. தனியாரில் ஓரிரு நாளில் படம், அந்த வாரமே தேதி. கட்டணத்தைவிடப் பெரிய ஆபத்து அந்த வேகத்தில்தான்: தானாகவே தேறியிருக்கக்கூடிய நான்காவது வாரத்திலேயே மேசையில் ஏறிவிடுவீர்கள். முழு காப்புறுதி இருப்பது அறுவைக்கு ஒரு காரணமல்ல.

தேதி குறிக்கும் முன், அறுவைகளைத் தரம் பிரிக்கும் அரசாங்கப் பட்டியலில் உங்கள் அறுவையின் குறியீட்டைக் கேளுங்கள். மெடிசேவ் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாய மருத்துவச் சேமிப்பு) கணக்கில் அறுவைக்காக எடுக்கக்கூடிய தொகை 1ஏ முதல் 7சி வரையிலான தரத்தைப் பொறுத்து 250 வெள்ளி முதல் 7,550 வெள்ளி வரை. தனியார் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் வைத்திருப்பவர்கள் முன் அனுமதி வாங்கிவிட்டுப் போவது நல்லது. ரைடர் (அதன் மேல் வாங்கும் கூடுதல் காப்பு) இருந்தாலும் இப்போதுள்ள திட்டங்களில் ஒரு பங்கு கையிலிருந்து போகும். எம்ஆர்ஐ எடுத்த பிறகு தனியார் திட்டம் வாங்கினால் பெரும்பாலும் முதுகு விலக்கப்படும். மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை அரசாங்கக் காப்புறுதி மட்டும் முன்பே இருந்த நோயையும் ஏற்கிறது.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. தளத்தில் சுமை தூக்கும்போது நேர்ந்தது என்றால், முதல் மருத்துவரிடமே எந்த நாள், எந்தச் சுமை, எப்படி என்று சொல்லிக் குறிப்பில் ஏற்றுங்கள். "சும்மா முதுகு வலி" என்று எழுதப்பட்டால் வேலையிட விபத்து இழப்பீட்டுக் கோரிக்கை பலவீனமாகும். கோர ஓராண்டு அவகாசம் உண்டு. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு வேலை நியமனச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு, சாதாரண 14 நாளும் அதில் அடக்கம். மருத்துவர் சான்று தந்தால் வீட்டில் தேறும் நாள்களும் சேரும்.

அறுவைக்குப் பின்

அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். கால் வலி பலருக்குக் கண் விழிக்கும்போதே போயிருக்கும். பலம் திரும்ப வாரங்கள், மரப்பு போக மாதங்கள், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும். நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஆறு வாரம் வரை 5 கிலோ அரிசிப் பையே எல்லை, குனிந்து முறுக்கித் தூக்குவது வேண்டாம். மேசை வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரம், கட்டுமான வேலைக்கு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக பிரேக்கை மிதிக்கக் கால் ஒத்துழைத்து, மயக்கும் மாத்திரையும் நின்ற பிறகே வண்டி ஓட்டலாம். தைப்பூசத்துக்கு வேண்டுதல் இருந்தால் முதல் ஆண்டு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் போதும், காவடி அடுத்த ஆண்டு.

சில மாதம் நன்றாக இருந்துவிட்டு அதே காலில் அதே வலி திரும்பினால், "தழும்பு வலி" என்று விட்டுவிடாதீர்கள். இம்முறை சாயம் ஏற்றி எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். தழும்புத் திசு சாயத்தை இழுத்து வெளுப்பாகத் தெரியும். புதிதாகப் பிதுங்கிய கூழ் பெரும்பாலும் இழுக்காது. தழும்பென்றால் மறு அறுவையால் லாபம் குறைவு. கூழென்றால் மறுபடியும் ஆறு வாரக் கணக்கிலிருந்து தொடங்கலாம்.