நடையா, சைக்கிளா, பஸ்ஸா: பிள்ளையைப் பள்ளிக்கு எப்படி அனுப்பலாம்?

பள்ளி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுமுன், வழியில் எந்த இடத்தில் ரோட்டைக் கடப்பது கஷ்டம் என்று நடந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த ஓர் இடம்தான் விடையைச் சொல்லும்.

ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடைதான். கால் மணி நேரம் ஆகும், சின்னவர்களுக்குக் கொஞ்சம் கூடும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போய்வருவதிலேயே பாதி தேறிவிடும். நடையைக் கெடுப்பது புத்தகப்பை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோ பை போதும். பத்து வயதுக்குக் கீழே வண்டி வரும் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. தூரத்தில்தானே வருகிறது என்று காலை வைத்துவிடுவார்கள். பெரியவர் துணை கட்டாயம்.

இரண்டு முதல் நான்கு கிலோமீட்டருக்கு சைக்கிளை அடிக்க ஆளில்லை. மூன்று கிலோமீட்டரைப் பதினைந்து, பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். அதே தூரத்துக்கு பஸ் ஊரைச் சுற்றி வந்தால், காத்திருப்பையும் சேர்த்து அரை மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று பெரிய சைக்கிளாக வாங்கிக் கொடுப்பது ஆபத்து. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் பட வேண்டும். பிரேக்கை முழுக்கப் பிடித்தாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் வளைக்கும்போது ஆடி இழுக்கும்; கேரியரில் கட்டுங்கள், வார் ஸ்போக்ஸில் தொங்காமல். ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போகச் சொல்லுங்கள், கதவு சட்டென்று திறக்கும். திரும்பப்போகும் லாரியின் பக்கவாட்டில் நிற்கவே கூடாது.

அதற்கு மேல் தூரமென்றால் பஸ். உள்ளே உட்கார்ந்துவிட்டால் மூன்றிலும் இதுவே பத்திரம். ஆபத்தெல்லாம் ஏறி இறங்கும் இடத்தில். பஸ்ஸை ஒட்டி முன்னால் போகும் குட்டிப் பிள்ளை டிரைவர் கண்ணில் படாது. இறங்கியதும் ஓரமாக நின்று, பஸ் கிளம்பிப் போன பிறகு கடப்பதே நல்லது. சக்கரத்தருகே எது விழுந்தாலும் குனிந்து எடுக்கக்கூடாது.

கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று, பிள்ளையும் ஓரளவு வளர்ந்துவிட்டது என்றால், பஸ்ஸுக்குத் தாவ வேண்டாம். அந்த இடம் வரை கூடவே போய் ரோட்டைக் கடக்க வைத்துவிடுங்கள். மிச்ச வழியைக் கூட்டாளிகளோடு நடந்தே போய்விடும்.