தூர்வாருவதா, கரையை உயர்த்துவதா, தள்ளிக் கட்டுவதா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குத் தெற்கே ஓடுகிறது ஒயிட் ஆறு. ரெய்னியர் மலையின் பனியாறுகளில் பிறப்பதால் பாறைமாவு கலந்து வெளிறிய நிறத்தில் வரும், பெயரே அதனால்தான். மலைச்சரிவில் சரளையை அடித்துக்கொண்டு இறங்கும் ஆறு, ஆபர்ன் நகரைத் தாண்டிச் சமநிலத்துக்கு வந்ததும் சுமையை இறக்கிவைத்துவிடுகிறது. 1984க்கும் 2009க்கும் இடையில் படுகை சில இடங்களில் ஆறடிக்கு மேல் உயர்ந்ததாக அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை அளந்திருக்கிறது.

2009 ஜனவரியில் மட் மவுன்டன் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பசிபிக் என்னும் சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் புதிதாக ஒன்றும் கூடிவிடவில்லை. அது போகும் பள்ளம்தான் தூர்ந்துபோயிருந்தது.

அப்படியானால் தூர்வார வேண்டியதுதானே? ஊர்க்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். 1906 வெள்ளத்தில் இந்த ஆறு திசை மாறி புயாலப் ஆற்றோடு சேர்ந்துகொண்டது. அதன்பின் கிங், பியர்ஸ் என்ற இரண்டு கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சண்டை போட்டு ஓய்ந்து, 1914இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆற்றைப் பராமரித்தன. பல பத்தாண்டுகள் சரளை அள்ளினார்கள். 1980களுக்குப் பிறகு அது படிப்படியாக நின்றுபோனது.

நிறுத்தியதற்கு மீன் ஒரு காரணம். சினூக் சால்மன் இலையுதிர்காலத்தில் சரளையைக் குடைந்துதான் முட்டையிடும். குளிர்காலம் முழுக்க முட்டைகள் அந்தக் கூழாங்கற்களுக்குள் கிடக்கும். சரளையை அள்ளுவது பிரசவ அறையையே அள்ளுவது மாதிரி. இந்தப் பகுதியின் சினூக் 1999இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றில் இறங்கி வேலை செய்யக் கோடையில் சில வாரங்களுக்கு மேல் அனுமதி கிடைப்பதில்லை. ஆனால் மீனை மறந்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது: தோண்டிய குழியை அடுத்த ஒன்றிரண்டு பெருவெள்ளங்கள் நிரப்பிவிடும். மலை அனுப்பிக்கொண்டே இருக்கும். கவுண்டி அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த வழி கரையை உயர்த்துவது. நிலம் வாங்க வேண்டாம், யாரையும் காலி செய்ய வேண்டாம். ஆனால் உள்ளே படுகை ஏற ஏற, ஆறு ஊரைவிட உயரத்தில் ஓட ஆரம்பிக்கும். கரை உடைந்தால் சேதம் முன்பைவிடப் பெரிது. குறுகிய கரைகளுக்குள் நெருக்கப்பட்ட வெள்ளம் அடிச்சரளையைப் புரட்டி, முட்டைகளையும் வாரிக்கொண்டு போகும். குஞ்சுகள் ஒதுங்கி நிற்க அமைதியான தண்ணீரும் இருக்காது.

இதில் மரச் சிக்கல் வேறு. கரை சேதமானால் மத்திய அரசின் உதவி வேண்டுமென்றால் ராணுவப் பொறியாளர் படையின் பராமரிப்பு விதிகளை மதிக்க வேண்டும். பெரிய மரத்தின் வேர் கரையைக் குலைக்கும் என்பது அவர்கள் கட்சி. அதே மத்திய அரசின் மீன்வளத் தரப்போ மரநிழல் இல்லாவிட்டால் கோடையில் தண்ணீர் சூடாகிவிடும் என்கிறது. பக்கத்திலுள்ள கிரீன் ஆற்றில் இது நிஜமான பிரச்சினை. ஒரே அரசின் இரண்டு கைகள் எதிரெதிராக இழுத்தால் நடுவில் மாட்டுவது கவுண்டி அலுவலகம்தான். கூடவே பழங்குடிகள் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தங்களால் வந்த மீன்பிடி உரிமையும் இருக்கிறது: 1974 நீதிமன்றத் தீர்ப்புப்படி, பிடிக்கக்கூடிய சால்மனில் பாதி அவர்களுக்கு. மீனே இல்லாமல் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது, கரையை ஆற்றிலிருந்து தள்ளிக் கட்டுவது. கிங் கவுண்டி பசிபிக்கின் எதிர்க்கரையில் அதைச் செய்தது. 2007இல் உருவான வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்ற தனி அமைப்பு சொத்துவரி மூலம் திரட்டும் பணம் இத்தகைய வேலைகளுக்குத்தான். இரண்டு கவுண்டிகளின் எல்லையில் இருப்பதால் கவுண்டிலைன் திட்டம் என்று பெயர். பழைய கரையை அகற்றி, சதுப்பு நிலத்துக்கு அப்பால் புதுக் கரை எழுப்பினார்கள். புதுக் கரையை ஆறு அரிக்காதபடி பெரிய மரத்தண்டுகளைக் குவித்து அரணாக்கினார்கள். அதே குவியல் மீன்குஞ்சுகளுக்கும் மறைவிடம். 2017இல் வேலை முடிந்தபோது சுமார் 121 ஏக்கர் நிலம் ஆற்றுக்குத் திரும்பக் கிடைத்தது. வெள்ளத்துக்குப் பரவ இடம், சரளைக்குத் தங்க இடம், குஞ்சுகளுக்குப் பதுங்க இடம்.

என் ஓட்டு இதற்குத்தான், ஆனாலும் இதைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களை நான் நம்புவதில்லை. அந்த 121 ஏக்கரும் ஒருநாள் சரளையால் நிரம்பும். வாங்கியிருப்பது காலம். தூர்வாருதலோடு ஒப்பிட்டால் மிக நீண்ட காலம், அவ்வளவே.

இன்னொன்று, அங்கே இருந்தது சதுப்பு நிலம். கிரீன் ஆற்றின் ஓரம் கென்ட் பள்ளத்தாக்கில் வரிசையாகக் கிடங்குகளும் தொழிற்சாலைகளும். அங்கே நூறடி தள்ளுவதென்றாலே கையைச் சுடும். சில இடங்களில் தள்ளியும் கட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் கரையை உயர்த்துவதோ சுவர் எழுப்புவதோ தவிர வேறு வழி தெரியவில்லை. பசிபிக்கின் வீடுகள் இருக்கும் வலக்கரையிலும் இதே கதை. அங்கே கரையைத் தள்ள வேண்டுமானால் முதலில் ஆற்றோரக் குடியிருப்புகளை வாங்க வேண்டும். 2009க்குப் பிறகு தற்காலிகம் என்று சொல்லி அங்கே அடுக்கிய மணல் நிரப்பிய தடுப்புகள் பல ஆண்டுகள் அப்படியே நின்றன.