அக்ரமோன்தே தொகுப்பும் பாளையங்கோட்டை பைண்டிங் கடையும்

கியூப விடுதலைப் போரின் குதிரைப்படைத் தளபதி இக்னாசியோ அக்ரமோன்தேயைப் பற்றிப் பதினொரு ஆண்டுகளாக நான் சேர்த்துவைத்த ஒளிநகல்களையும் மொழிபெயர்ப்புக் குறிப்புகளையும், பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சிறிய பைண்டிங் கடையில் சென்ற மாதம் கட்டி வாங்கினேன். இதற்கு முன் வேறொரு கடையில் கொடுத்தபோது, தாள்களைச் சமப்படுத்துவதாகச் சொல்லி, கியூபக் கிளர்ச்சியாளர்கள் 1869-இல் இயற்றிய குவாய்மரோ அரசியல் சட்டத்துக்கு நான் எழுதியிருந்த ஓரக்குறிப்புகளில் பாதியை இயந்திரத்தில் வெட்டிவிட்டார்கள். அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது.

ஏனெனில் அந்தப் பக்கங்களே அக்ரமோன்தேயின் வாழ்வின் நடுநாடி. 1841-இல் இன்றைய கமகுவெய் நகரில் பிறந்து, பார்சிலோனாவிலும் ஹவானாவிலும் படித்து வழக்கறிஞரான அவர், 1868 நவம்பரில் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்தார். மறு ஏப்ரலில் குவாய்மரோவில் கூடிய பேரவைக்காக அந்தோனியோ சம்பிரானாவுடன் சேர்ந்து சட்ட வரைவை எழுதினார். குடியரசின் குடிகள் அனைவரும் முழுச் சுதந்திரம் உடையவர்கள் என்று அது அறிவித்தது. குடியரசுத் தலைவரையும் படைத் தலைவரையும் அமர்த்தவும் நீக்கவும் பிரதிநிதிகள் சபைக்கே அதிகாரம் தந்தது. வாளேந்தியவன் சட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று எழுதிவிட்டு, தானே வாளேந்தப் போனவர் அவர். 1908-இல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட திருநெல்வேலியில் வக்கீல் தொழில் பார்க்கிற எனக்கு, இந்த வரிசை சாதாரணமாகத் தோன்றவில்லை.

கடைக்கார அண்ணாச்சி கட்டைப் பிரித்துப் பார்த்ததும், "ஓரத்துல எழுத்து இருக்கு சார், கத்தியே வைக்கக்கூடாது" என்றார். ஒவ்வொரு தாளின் முதுகோரத்திலும் மெல்லிய காகிதப் பட்டி ஒட்டி, அந்தப் பட்டியில் ஊசி ஏற்றித் தைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேசையில் படிந்து கிடக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார். மனைவி அமாலியா சிமோனிக்கு அக்ரமோன்தே எழுதிய கடிதங்களின் படிகள் மெல்லிய தாளில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கிழியவில்லை. 1868 ஆகஸ்டில் மணந்த அந்த இணை 1870-க்குப் பிறகு சந்திக்கவே இல்லை என்பதையும், நாடு கடந்து பிறந்த மகளை அவர் கண்ணால் காணவில்லை என்பதையும் அறிந்து வாசிப்பவருக்கு, இந்தக் கவனத்தின் அருமை புரியும்.

1871 அக்டோபர் 8 அன்று, ஸ்பானியர் கையில் சிக்கிய சக தளபதி ஹூலியோ சாங்கிலியை அக்ரமோன்தே 35 குதிரைவீரர்களுடன் பாய்ந்து மீட்டதைச் சொல்லும் பகுதியில் மடித்து வைத்த வரைபடம் இருக்கிறது. கரும்புக் காட்டில் புழங்கும் மச்சேத்தி அரிவாளே அவர்களுக்குப் பெரும் ஆயுதம். அந்த வரைபடத்தின் மடிப்பில் பசை சற்றுக் கசிந்து ஒரு மூலை ஒட்டிக்கொண்டதுதான் நான் கண்ட குறை. 1873 மே 11 அன்று ஹிமாகுவாயுவில் 31 வயதில் அவர் வீழ்ந்ததையும், பகைவர் உடலை எரித்ததையும் சொல்லும் கடைசித் தாள்கள் சுத்தமாக வந்துள்ளன.

நூலின் முதுகில் அண்ணாச்சி 'தளபதி' என்று மட்டும் பொன்னெழுத்துப் பதித்திருந்தார்; கேட்டதும் முகம் சுளிக்காமல் அட்டைத் துணியை மாற்றி, 'வழக்கறிஞர்' என்பதை முன்னால் சேர்த்துக் கொடுத்தார். கூலி 450 ரூபாய். மூன்று நாள் என்றது ஒன்பது நாளாயிற்று. மழைக்காலத்தில் பசை காயத் தாமதமாகும் என்பதால், அவசரமுள்ளவர்கள் முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது.