எட்டாம் வகுப்போடு ஆர்.டி.இ. முடிகிறது: அதே பள்ளியா, அரசுப் பள்ளியா?

என் மகளுக்கு எல்.கே.ஜி.யில் ஆர்.டி.இ. குலுக்கலில் (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடங்களுக்கான குலுக்கல்) ஒரு மெட்ரிக் பள்ளியில் இடம் கிடைத்தது. பத்து ஆண்டுகள் கல்விக் கட்டணம் கட்டாமல் ஓட்டிவிட்டோம். எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம் பள்ளி அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள்: ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணமும் வேனும் சேர்த்து 48,000 ரூபாய். அவர்கள் மேல் தப்பில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான் பேசுகிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் அதன் கை எட்டாது. கடன் வாங்கிக் கட்டி அதே பள்ளியில் தொடர்வதா, அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுவதா? நாங்கள் மாற்றினோம். இப்போது அவள் பத்தாம் வகுப்பு.

தனியார் பள்ளியின் பக்கம் இருக்கிற நியாயம் எல்லோருக்கும் தெரியும். பழகிய ஆசிரியர்கள், பழகிய தோழிகள், வாரத் தேர்வு, வீட்டு வாசலில் வேன். அரசுப் பள்ளியில் பாடநூல் விலையில்லாமல் வரும், பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி கிடைக்கும். இவற்றைத் தட்டில் போட்டு நிறுத்துப் பார்த்தால் முள் ஏறக்குறைய நடுவில்தான் நிற்கும். எங்கள் முடிவைத் திருப்பியது வேறொன்று: 7.5 சதவீதம்.

மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது 10 சதவீதம், அரசு 7.5 ஆக வைத்தது. ஆளுநரின் ஒப்புதல் அக்டோபர் கடைசியில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டே 300க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2021இல் இன்னொரு சட்டம் வந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 சதவீதத்தைக் கொடுத்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. எங்களைப் போன்ற வீட்டுக்கு இடம் கிடைப்பது பாதி நிம்மதி என்றால், இது மீதிப் பாதி.

யாருக்கு இது கிடைக்கும் என்பதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இதை மட்டும் கேள்விப்பட்டு, "நம்ம பொண்ணு ஆறு, ஏழு, எட்டு தனியார்லதானே படிச்சா, இனிமே மாத்தி என்ன பிரயோஜனம்?" என்று என் கணவர் கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எட்டாம் வகுப்பு வரை ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. அந்தக் கதவு திறந்திருப்பது எட்டு முடிந்து ஒன்பது தொடங்கும் அந்த ஒரு கோடைவிடுமுறையில்தான். "பத்தாவது வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்று நினைத்தால் போச்சு. பதினொன்றாம் வகுப்பில் மாற்றினால் கணக்கில் வராது. கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம், விட்ட வருடத்தைத் திரும்ப வாங்க முடியாது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளைப் பார்க்கிறது.

இதில் எனக்கு ஒரு அலைச்சல் இருந்தது. பழைய பள்ளி கொடுத்த முதல் சான்றிதழில் "ஆர்.டி.இ. 25 சதவீத ஒதுக்கீட்டில் பயின்றவர்" என்ற வரியே இல்லை. மூன்று முறை போய், எழுதி வாங்கினேன். டி.சி. வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் போய் நின்றால் அந்தப் பதிவேட்டைத் தேடித் தரப்போவது யார்?

அரசு உதவி பெறும் பள்ளியில் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். கட்டணச் சுமை குறையும், உண்மைதான். ஆனால் அங்கே படிப்பவர்களுக்கு 7.5 சதவீதம் கிடையாது. அந்தப் பிள்ளைகளும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான் என்பதால் இது எனக்கு வருத்தம். ஆனாலும் சட்டம் இன்று இருக்கிறபடிதானே முடிவெடுக்க முடியும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமையும் எங்களுக்கு இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள், ஆங்கிலவழி எல்.கே.ஜி. இடத்தை ஏற்ற அன்றே அந்த வழியை விட்டு வந்துவிட்டோம்.

இனி இழப்பையும் சொல்ல வேண்டும். புதிய பள்ளியில் காலாண்டுத் தேர்வு வரை கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. முதல் இரண்டு மாதம் மகள் வீட்டுக்கு வந்து அதிகம் பேசவே இல்லை. கணக்குக்கு மாலை வகுப்பு வைத்தோம், மாதம் 600 ரூபாய். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் முக்கியப் பாடங்களுக்கு ஆள் இருக்கிறார்களா என்று நேரில் போய் விசாரிக்காமல் மாற்றாதீர்கள். மருத்துவம்தான் இலக்கு என்றால் என் அனுபவம் போதாது. ஒதுக்கீடு இருந்தாலும் நீட்டில் தகுதி பெற்றே ஆக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு எந்தப் பள்ளி நல்லது என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் மகளின் ஆசை வேளாண்மை. அந்த ஆசைக்கு, ஆண்டுக்கு 48,000 கட்டிக் கிடைக்கும் வாரத் தேர்வுகளைவிட இந்த நான்கு ஆண்டுச் சான்றிதழ்தான் பெரிது என்று எனக்குப் பட்டது.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 81 வாங்கியிருக்கிறாள். புதுத் தோழிகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்து படிக்கிறார்கள்.