கார்சியாவா, ஹெர்னாண்டஸா?

மெக்சிகோ பின்னணியில் கதையோ கேமோ எழுதுகிறவர்கள் கதாபாத்திரத்தின் குடும்பப் பெயருக்கு வரும்போது இந்த இரண்டில் எது என்று தலையைச் சொறிகிறார்கள்.

பிறந்த கதை:
கார்சியா: ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியில் முளைத்தது என்பார்கள். அர்த்தம் இளைஞன் என்று சிலர், கரடி என்று சிலர், சண்டை இன்னும் ஓயவில்லை. முதலில் இது ஆளின் பெயர்தான். 9-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பக்கத்துப் பாம்ப்லோனா ராஜ்யத்தில் கார்சியா என்றொரு மன்னர் இருந்தார்.
ஹெர்னாண்டஸ்: குழப்பமே இல்லை. ஹெர்னாண்டோவின் மகன். கடைசியில் வரும் 'எஸ்' (-ez) அதற்குத்தான். ஹெர்னாண்டோ என்பது ஃபெர்னாண்டோவின் இன்னொரு வடிவம், வேர் ஜெர்மானிய மொழி. (நம்ம தூத்துக்குடி பெர்னாண்டோக்களும் அதே பெயர்தான், போர்த்துகீசியர் வழியாக வந்தது.)

பரவல்:
கார்சியா: ஸ்பெயினில் முதலிடம். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் 6-ஆம் இடம், 11 லட்சத்துக்கும் மேல்.
ஹெர்னாண்டஸ்: மெக்சிகோவில் முதலிடம். அதே அமெரிக்கக் கணக்கெடுப்பில் 11-ஆம் இடம், 10 லட்சத்தைத் தாண்டியது.

உச்சரிப்பு:
கார்சியா: ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'கார்தியா' மாதிரி ஒலிக்கும், லத்தீன் அமெரிக்காவில் 'கார்சியா'.
ஹெர்னாண்டஸ்: முதல் எழுத்து ஊமை, 'எர்னாண்டஸ்' என்பார்கள்.

என்னைக் கேட்டால், மெக்சிகோ ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹெர்னாண்டஸ். மாட்ரிட்காரருக்கும், எந்த நாடு என்று சொல்லாமல் விடுகிற ஆளுக்கும் கார்சியா. இரண்டும் பிடித்துவிட்டதா? அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று கொடுத்து 'ஹெர்னாண்டஸ் கார்சியா' என்று வையுங்கள், அங்கே வழக்கமே இரட்டைக் குடும்பப் பெயர்தான்.