வாட்ஸ்அப் குழுவா, டிரைவ் கோப்புறையா?

தமிழ்த்துறை ஆசிரியர்கள் பாடக்குறிப்பு கேட்டு முதலில் போவது வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். காலை ஒன்பதுக்கு ‘குறுந்தொகை 40-க்கு உரை இருக்கிறதா?’ என்று கேட்டால் பத்து மணி வகுப்புக்குள் வந்துவிடும். சரி, அடுத்த ஆண்டு அதே உரை வேண்டுமென்றால்? பொங்கல் வாழ்த்துகளுக்கு அடியில் தோண்ட வேண்டும்.

என் ஓட்டு கூகுள் டிரைவுக்கு. பருவவாரியாகக் கோப்புறை போட்டுவிட்டால் தேடுவது சுலபம். 15 ஜிபி வரை இலவசம். ஆனால் ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே ஏற்றினால், அந்தக் குறுந்தொகைப் பாட்டின் தொடக்கமான ‘யாயும் ஞாயும்’ என்று தேடினாலும் சிக்காது. கணினி தமிழாகவே படிக்கும் யுனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அப்புறம், திருத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் வினாவங்கியை ஒருவர் தெரியாமல் அழித்துவிட்டார். நல்லவேளை, குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். இருபத்தெட்டாவது நாள் கவனித்தோம்.