கோத்தகிரியில் சித்தப்பாவின் இதயமும் ஒரு சிடியும்

சித்தப்பாவுக்கு மாரடைப்பு என்று போன் வந்தபோது மெல்போர்ன் ஆய்வகத்தில் இதயத்துக்கான ஜெல்லைத்தான் கலக்கிக்கொண்டிருந்தேன். லீவு கிடைத்து ஊர் வந்து சேர ஒரு மாதம் ஆகிவிட்டது. 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். அதை டாக்ஸி டிரைவரே போனில் எடுத்துவிட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்த கையோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் விழுங்க வைத்து, 108-இல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டம் அது. அந்த நர்ஸம்மாவைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். "பெரியவர் நடந்தா வந்தாரு? முதல்ல அவரைத் திட்டுங்க" என்றார்.

ஆனால் மலை மலைதானே. வளைந்து வளைந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை சேர்ந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பதற்குள் மூன்று மணி நேரம். ரத்தம் போகாத தசை அதுவரை காத்திருக்காது. செத்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்புக்குச் சுருங்கி விரியத் தெரியாது. எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 38 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது.

"நீதான் இதயத்துக்கு மருந்து செய்யறியே கண்ணு, சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கொண்டாந்திருக்கலாமில்ல?" என்றார் சித்தி, தைலம் கேட்பதுபோல.

விளக்கினேன். பன்றி இதயத்திலிருந்து செல்களைக் கழுவி எடுத்துவிட்டால் புரதச் சட்டகம் மட்டும் மிஞ்சும். அதைப் பொடியாக்கி, நொதியால் கரைத்தால் திரவம். கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக இதயத் தசைக்குள் செலுத்தினால் உடல் சூட்டில் உறைந்து, சுற்றியுள்ள செல்கள் பற்றிக்கொள்ள இடம் தரும். அமெரிக்காவில் இப்படி ஒன்றை 15 பேருக்குப் போட்டுப் பார்த்து 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்கும் முதல் கட்டம்தான் அது. மருந்துக்கடைக்கு வரும் தூரத்தில் இல்லை.

சித்தியின் காதில் விழுந்தது ஒரே சொல். "பன்றியா? கிருத்திகை விரதம் இருக்கற மனுசனுக்கா?"

"அட, நாள் நட்சத்திரம் பார்த்தா நெஞ்சு வலிக்குது? போடட்டும்" என்றார் சித்தப்பா.

இனிக் குறை. ஸ்டென்ட் வைத்த தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்) படம் பதிந்த சிடி கேட்டு மூன்று முறை மலையிறங்கினேன். பில் கவுன்டர் ரெக்கார்டு ரூமைக் காட்டியது, ரெக்கார்டு ரூம் ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபைக் காட்டியது, கேத் லேபில் சாப்பாட்டு நேரம். சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காகிதத்தில்தான் உயிரை வாங்கினார்கள். மூன்றாம் முறை சிடி கைக்கு வந்தது. என் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. கோத்தகிரி பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். காசு நீட்டினேன். "கல்யாண சிடின்னா வாங்குவேனுங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.